கயிறு தளரும் நொடியில்

1985 டிசம்பர். ரோடியோ என்பது குதிரைச் சவாரியும் கயிறு வீசுவதுமாக மாட்டுக்காரர்களின் (கவ்பாய்களின்) திறமையைக் காட்டும் போட்டி. அமெரிக்க ரோடியோவின் ஆண்டு இறுதிப் போட்டியான நேஷனல் ஃபைனல்ஸ் முதல்முறையாக லாஸ் வேகஸ் நகருக்கு வந்திருந்தது. அதில் பேரல் ரேஸிங் என்று ஒரு பந்தயம். முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களைக் குதிரையில் சுற்றிவிட்டு, வந்த வழியே பாய்ந்து வெளியேற வேண்டும். பீப்பாய் சாய்ந்தால் 5 நொடி அபராதம். ஷார்மெய்ன் ஜேம்ஸ் என்ற 15 வயதுப் பெண், ஸ்கேம்ப்பர் என்ற குதிரையில் களத்துக்குள் நுழைந்தபோது கடிவாளம் கழன்றுவிட்டது. இழுத்துத் திருப்ப லகான் இல்லை. ஆனாலும் ஸ்கேம்ப்பர் வேகத்தைக் குறைக்கவில்லை. மூன்று பீப்பாய்களையும் ஒழுங்காகச் சுற்றி முடித்து, அந்தச் சுற்றில் முதலிடமும் பிடித்தது.

இந்த ஜோடி 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை உலகப் பட்டம் வென்றது. ஷார்மெய்னின் அப்பா ஸ்கேம்ப்பரை வாங்கிய விலை 1,100 டாலர். முதுகில் ஏறியவரைத் தூக்கி எறியும் குதிரை என்று அதற்கு முன்பே பெயர் கெட்டுப் போயிருந்தது. கடிவாளம் இல்லாமல் ஓடிய அந்த ஓட்டத்தை ரோடியோ ரசிகர்கள் பாசம் என்று சொல்வார்கள். பாசமும் இருக்கலாம். ஆனால் குதிரையின் தலைக்குள் நடப்பது அதைவிடச் சுவாரசியமானது.

குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. அதன் உடம்பே அதைச் சொல்லும். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்கள் கொண்டவற்றில் அதுவும் ஒன்று. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், திரும்பாமலே கிட்டத்தட்ட 350 பாகை வரை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால்தான் குதிரைக்காரர்கள் தோள் பக்கமாகவே அதை அணுகுவார்கள். காதுகள் தனித்தனியாகத் திரும்பும். தோலில் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டும். ஈயின் எடையை உணரும் தோல், சேணத்தில் இருப்பவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதையும் தொடையை இறுக்குவதையும் உணராமல் இருக்குமா?

இதற்கு நல்ல சாட்சி பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரை. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஆசிரியர் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஊரே திரண்டு வந்து பார்த்தது. 1907ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்தபோது குட்டு உடைந்தது. கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் தவறியது. கேட்பவர் முகத்தை மறைத்தாலும் தவறியது. தட்டல் எண்ணிக்கை விடையைத் தொட்டதும் கேட்பவரின் தலை அறியாமலே சற்று நிமிரும். அதைப் பார்த்து ஹான்ஸ் நிறுத்திக்கொள்ளும். ஆஸ்டன் ஏமாற்றவில்லை, தாம் சைகை காட்டுவது அவருக்கே தெரியாது. இந்தக் கதையைக் குதிரையின் முட்டாள்தனத்துக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு என்னவோ அந்தக் கூட்டத்திலேயே கூர்மையான ஆசாமி ஹான்ஸ்தான் என்று தோன்றுகிறது.

சரி, இவ்வளவு கூர்ந்து கவனிக்கும் விலங்குக்கு எப்படிப் பாடம் நடத்துவது? நாய்க்குப் பிஸ்கட் போல எதையாவது வாயில் போட்டா? தீனி கொடுத்தும் பழக்கலாம்தான். ஆனால் சவாரிப் பயிற்சியின் பெரும்பகுதி வேறு வழியில் நடக்கிறது. காலால் குதிரையின் விலாவை லேசாக அழுத்துகிறோம். அதற்கு அது பிடிக்கவில்லை. தலையை ஆட்டிப் பார்க்கும், பக்கவாட்டில் நகர்ந்து பார்க்கும். ஏதோ ஒரு கட்டத்தில் ஓரடி முன்னே வைக்கும். வைத்த அந்தக் கணமே காலைத் தளர்த்திவிட வேண்டும். எதைச் செய்தபோது அழுத்தம் நீங்கியதோ, அடுத்த முறை அதைத்தான் குதிரை முதலில் செய்து பார்க்கும். சில நாளில், கால் அழுந்துவதற்கு முன்பே, அழுத்தப்போகிறார் என்ற அறிகுறிக்கே நடக்கத் தொடங்கிவிடும்.

உளவியல் பாடத்தில் இதற்கு எதிர்மறை வலுவூட்டல் என்று பெயர். தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே ‘எதிர்மறை’ என்பது ஒரு தொல்லையை நீக்குவதைக் குறிக்கிறது. சீட் பெல்ட் போடும்வரை காரில் கத்திக்கொண்டே இருக்கும் பீப் சத்தமும் இந்த வகைதான். பெல்ட்டைப் போட வைப்பது சத்தம், போடும் பழக்கத்தை ஏற்படுத்துவது சத்தம் நிற்கும் அந்த நிம்மதி.

பயிற்சியாளரின் திறமை எல்லாம் இந்த விடுதலில்தான் இருக்கிறது. ஓரிரு நொடி தாமதித்தாலே பாடம் மாறிப்போகும். குதிரை ஓரடி எடுத்து வைத்தது, நாம் கவனிக்கவில்லை. அது சலித்துப்போய் நின்று தலையை உதறியது, அப்போது பார்த்துக் காலைத் தளர்த்தினோம் என்றால், தலையை உதறினால் தொல்லை போகும் என்று அது கற்றுக்கொள்ளும். ‘பிடிவாதக் குதிரை’ என்று பெயர் வாங்கியவற்றில் பல இப்படித் தப்பான நேரத்தில் பாடம் படித்தவைதான். லகானை விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பவர் இன்னும் மோசம். எது செய்தாலும் இழுப்பு நிற்காது என்று தெரிந்தபின் குதிரை முயல்வதையே விட்டுவிடும், வாயும் மரத்துப்போகும்.

அமெரிக்க மேற்கில் ஒரு காலத்தில் இந்தப் பொறுமைக்கெல்லாம் இடமில்லை. 1865ல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் டெக்சாஸிலிருந்து கன்சாஸ் ரயிலடிகளுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிப்போன காலம் அது. குதிரைகள் ஏராளமாக வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு பழக்கும் ஆட்கள் இருந்தார்கள். குதிரையைக் கயிற்றில் கட்டிப்போட்டு, சேணம் ஏற்றி, துள்ளித் துள்ளி ஓயும்வரை முதுகில் உட்கார்ந்திருப்பதுதான் முறை. ஓய்ந்த குதிரை அடங்கிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் தப்பிக்க வழியே இல்லை என்று கைவிட்ட நிலை அது. பயம் உள்ளேயே இருக்கும், எதிர்பாராத நாளில் வெடிக்கும்.

கலிஃபோர்னியாவின் வக்கேரோக்கள் வேறு தினுசு. ஸ்பெயினிலிருந்து மெக்சிகோ வழியாக வந்த மாட்டுக்காரர் மரபு அவர்களுடையது. இளங்குதிரையின் வாயில் இரும்பே வைக்காமல் மூக்குத் தண்டின் மேல் ஒரு பின்னல் வளையம் மட்டும் மாட்டி ஓட்டுவார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுக் கடிவாளத்துக்கு வருவார்கள். 20ஆம் நூற்றாண்டில் டாம் டோரன்ஸ், அவருடைய வழிவந்த ரே ஹன்ட் என்ற அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர்கள் இருவரும் கவ்பாய்களிடம் இந்தப் பொறுமையை மறுபடி கொண்டுபோனார்கள். ஊர் ஊராகப் போய் ரே ஹன்ட் சொன்னதன் சாரம் இதுதான்: குதிரைக்குத் தப்பான வழி கஷ்டமாகவும் சரியான வழி சுலபமாகவும் இருக்கும்படி ஏற்பாடு செய், அப்புறம் காத்திரு.

பயத்தைப் போக்குவதும் இதே கணக்குத்தான். சாக்குத்துணியைக் கண்டு மிரளும் குதிரையிடம் அதை மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். மிரண்டு ஓடுவதற்கு முன்பே, அது அசையாமல் நிற்கும்போதே, துணியை விலக்கிக்கொள்ள வேண்டும். நின்றால் துணி போய்விடுகிறது என்று தெரிந்ததும் அடுத்த முறை இன்னும் கிட்டத்தில் நிற்கும். ஓடிய பிறகு விலக்கினால் ஓட்டத்துக்குத்தான் பரிசு கொடுத்ததாக ஆகும்.

வட்ட வேலிக்குள் நடக்கும் பயிற்சியைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் குதிரையை வேலியோரமாக ஓடவிடுவார். அது காதைத் திருப்பி அவரைக் கவனித்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். குதிரை மெல்ல வந்து அவர் தோளருகே நின்று பின்தொடரும். மந்தையின் தலைவியாக மனிதரை ஏற்றுக்கொண்டதாக அழகான விளக்கம் சொல்வார்கள். 2012ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதருக்குப் பதில் ரிமோட் பொம்மைக் காரை வைத்துப் பார்த்தார்கள். காரை நோக்கி வந்தால் துரத்தல் நிற்கும் என்று ஏற்பாடு. குதிரைகள் காரையும் நெருங்கி வந்தன! மந்தைத் தலைவி கதை இதோடு ஆட்டம் கண்டது. அங்கேயும் வேலை செய்தது தொல்லை நீங்கும் நிம்மதிதான்.

அப்படியானால் பந்தம் என்பதே பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும். கழுத்து முதுகோடு சேரும் இடம்தான் அவற்றுக்குப் பிடித்தமானது. அந்த இடத்தில் மனிதர் சொறிந்துவிட்டாலும் குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை 1993ல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. (முகத்தில் தட்டிக்கொடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல். பார்க்க வருபவர்கள்தான் கேட்க மாட்டார்கள்.) இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016ல் வந்தது. கோபமான மனித முகத்தின் புகைப்படத்தைக் காட்டியபோது குதிரைகளின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. அதை அவை இடக்கண்ணால் பார்க்கவே முனைந்தன. சுவீடனில் 2009ல் இன்னொரு சோதனை. குதிரையை நடத்திப் போகிறவரிடம், இந்தச் சுற்றில் குதிரைக்குப் பக்கத்தில் குடை விரிப்போம் என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனால் எதிர்பார்ப்பில் ஆளின் இதயம் படபடத்தது, கூடவே குதிரையின் இதயமும்.

ஆக, என் பார்வையில் பந்தம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, இந்த ஆளைப் படிக்க முடிகிறது, இவர் பக்கத்தில் எதிர்பாராதது நடக்காது என்ற நம்பிக்கை. ஸ்கேம்ப்பர் விஷயத்துக்கும் இது பொருந்தும். பீப்பாய்களின் பாதை அதற்கு மனப்பாடம். எங்கே திரும்ப வேண்டும் என்பதை லகான் சொல்வதற்கு முன்பே ஷார்மெய்னின் இடுப்பும் பார்வையும் எடையும் சொல்லிவிடும். நன்றாகப் பழகிய குதிரைக்கு லகான் பல செய்திகளில் ஒன்று, அவ்வளவுதான்.

இப்போது ரோடியோவின் மறுபக்கம். முதுகில் ஏறியவரை உதறித் தள்ளும் ‘பிராங்க்’ குதிரைகள் பழக்கப்படாத காட்டுக் குதிரைகள் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை துள்ளுவதற்கென்றே பரம்பரை பார்த்து வளர்க்கப்பட்டவை. கனடாவின் கால்கரி ஸ்டாம்பீட் 1961 முதல் இதற்கென்று ஹன்னா என்ற ஊருக்கு அருகே பண்ணை வைத்திருக்கிறது. அங்கிருந்து வந்த கிரேட்டட் கோகனட் என்ற குதிரை ஆறு முறை உலகின் சிறந்த துள்ளல் குதிரை விருதை வாங்கியது. இளங்குதிரைகளின் முதுகில் முதலில் ஆளுக்குப் பதில் பொம்மையைக் கட்டிப் பழக்குவார்கள். சில முறை பலமாகத் துள்ளியதும் பொம்மை கழன்று விழும்படி செய்துவிடுவார்கள்.

கவனித்தீர்களா, இங்கும் அதே விதி. துள்ளினால் பாரம் போகிறது. பின்னிடுப்பில் கட்டும், ஆட்டுத்தோல் சுற்றிய பட்டையும் அப்படித்தான். அந்த உறுத்தலை உதறக் குதிரை பின்னங்கால்களை உயர எறியும். அந்தப் பட்டை விதைப்பையை இறுக்குகிறது என்று ஒரு வதந்தி ஓயாமல் உலவுகிறது. இந்தக் குதிரைகளில் ஏராளமானவை பெட்டைகளும் காயடித்தவையும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வீரர் முதுகில் 8 நொடி தாக்குப்பிடிக்க வேண்டும். அது முடிந்து ஒலி எழுந்ததும் குதிரையில் காத்திருக்கும் இரண்டு உதவியாளர்கள் பாய்ந்து வருவார்கள். ஒருவர் வீரரை இறக்கிக்கொள்வார், இன்னொருவர் பட்டையைத் தளர்த்துவார். அனுபவம் பழுத்த குதிரைகள் உடனே துள்ளலை நிறுத்திவிட்டு வெளிவாசலை நோக்கி ஓட ஆரம்பிக்கும். வேலை முடிந்தது என்று அவற்றுக்குத் தெரியும்.

மதிப்பெண் முறை இன்னும் வேடிக்கை. மொத்தம் 100; அதில் பாதி வீரருக்கு, பாதி குதிரைக்கு. சாதுவான குதிரை குலுக்கலில் விழுந்தால் வீரர் நொந்துகொள்வார். மோசமான குதிரைதான் வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் விளையாட்டு உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.

எல்லாமே இப்படி இதமாக இருப்பதில்லை. கயிறு வீசிக் கன்றைப் பிடிக்கும் போட்டியில் குதிரைக்கு வருடக்கணக்கில் பயிற்சி உண்டு. வீரர் இறங்கி ஓடியபின், ஆளே இல்லாமல் பின்னால் அடி வைத்துக் கயிற்றை இறுக்கமாக வைத்திருக்கும். கன்றுக்கோ ஒரு பயிற்சியும் கிடையாது, கழுத்தில் வெடுக்கென்று இழுப்புதான். 1924ல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த ரோடியோவுக்கு எழுந்த எதிர்ப்பு, கடைசியில் 1934ல் பிரிட்டனில் ரோடியோவுக்குக் கதவடைத்த சட்டமாக முடிந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்ததாகவே நினைக்கிறேன்.

இருந்தும் அந்த வாழ்க்கை ஆட்களை இழுக்கிறது. சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணத்தைத் தாமே கட்டி, தோற்றால் வெறுங்கையோடு, இரவெல்லாம் வண்டி ஓட்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஜூலை 4 விடுமுறையை ஒட்டி ஊருக்கு ஊர் ரோடியோ நடக்கும். பரிசுப் பணம் கொட்டும் அந்த நாட்களைக் ‘கவ்பாய் கிறிஸ்துமஸ்’ என்பார்கள். போட்டியாளர்களே ஒரே வண்டியில் பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொண்டு போவார்கள். ஒருவருடைய குதிரைக்குக் கால் நோவு என்றால் எதிராளி தன் குதிரையையே கொடுப்பார். ஜெயித்த பணத்தில் வழக்கமாகக் கால் பங்கு குதிரைக்காரருக்கு. யார் சேணத்தில் இருந்தாலும் ஒழுங்காகப் பாடம் படித்த குதிரை ஓடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது.

ஆனால் பாடம் அழியவும் செய்யும். பந்தயத்தில் யாருக்கும் நிதானமாகத் தளர்த்த நேரமில்லை. உதை, வேகம், இழுப்பு, அடுத்த ஊர். ஒரு பருவம் முழுக்க இப்படி ஓடிய பேரல் குதிரை ஒருநாள் களத்து வாசலிலேயே முரண்டுபிடித்து நிற்கும். உள்ளே போனால் பதற்றம், வெளியே நின்றால் நிம்மதி என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது, அதுவும் சரியாகவே. சாட்டையை எடுத்தால் வாசலும் வலியும் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் பந்தயம் இல்லாத நாளில் அதே களத்துக்குள் அதை மெதுவாக நடத்திப் போவார்கள். பீப்பாய் பக்கமே போக மாட்டார்கள். நடுவில் நிறுத்தி, சேணத்தை இறக்கி, கொஞ்ச நேரம் முதுகைச் சொறிந்துவிட்டு வெளியே கூட்டிவருவார்கள். வாசலுக்குள் நுழைய அது தயங்காமல் வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள்.