சாயத்துளி கடக்கும் ஒரு சாண் தூரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரத்தில் கப்சாய் மோட்டார் சைக்கிளின் மட்கார்டும், செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் கதவும் சாயத்துக்காக வரும் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை பழக வரும் பையனுக்குக் கிடைக்கும் முதல் பாடம், "தம்பி, ஒரு சாண் தள்ளிப் பிடி, கையை விசிறாதே" என்பதுதான். பாடம் சரிதான். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் பாதித் தகடுகள் வீணாகாமல் தப்பும்.

ஸ்பிரே துப்பாக்கியின் விசையை லேசாக இழுத்தால் காற்று மட்டும் வரும். இன்னும் இழுத்தால் உள்ளிருக்கும் ஊசி பின்வாங்கிச் சாயத்துக்கு வழிவிடும். ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் துளையிலிருந்து வரும் சாய இழையைச் சுற்றி வளையமாகப் பாயும் வேகக் காற்று, அதை இழுத்து மெலிதாக்கித் துளிகளாக அறுக்கிறது. துப்பாக்கி முனையிலுள்ள மூடியின் இரு கொம்புகளிலிருந்து வரும் காற்று அந்தத் துளிக்கூட்டத்தை அமுக்கி விசிறியாக விரிக்கிறது. இதன் மூதாதைகளில் ஒன்று தொண்டைக்கு மருந்து தெளிக்க அமெரிக்க மருத்துவர் டிவில்பிஸ் செய்த கருவி. சாயத்துக்கு அதை மாற்றியவர் அவருடைய மகன்.

ஒரு மில்லிமீட்டர் துளியை 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளிகளாக உடைத்தால் 125,000 துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 50 மடங்காகிவிடும். பரப்பு பெருகினால், சாயத்தை இளக்கச் சேர்க்கும் தின்னர் ஆவியாகும் வேகமும் பெருகும். ஆகவே அந்த ஒரு சாண் தூரத்தைக் கடப்பதற்குள்ளேயே துளி கொஞ்சம் காய்ந்துவிடுகிறது. எவ்வளவு ஈரத்தோடு அது தகட்டில் விழுகிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் முக்கால்வாசி இருக்கிறது.

தள்ளிப் பிடித்தால் துளி பாதி உலர்ந்து விழும். பரப்பு மணல் தடவியதுபோல் சொரசொரக்கும். விழுந்த துளிகளைச் சமமாகப் பரப்புவது பரப்பு இழுவிசை. சாயம் கெட்டியாக இருந்தால் அது வேலையை முடிப்பதற்குள் படலம் இறுகி, ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் நின்றுவிடும். நெருங்கிப் பிடித்தாலோ படலம் தடித்து வழியும். தடிமன் இரு மடங்கானால் மேற்பரப்பு வழியும் வேகம் நான்கு மடங்கு! மணிக்கட்டை விசிறுகிறவனின் துப்பாக்கி நடுவில் நெருங்கி, ஓரங்களில் விலகுகிறது. ஒரே வீச்சில் நடுவில் வழிசல், ஓரத்தில் சொரசொரப்பு. தோளோடு சேர்த்துக் கையை நகர்த்தச் சொல்வது இதனால்தான்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊர்த் தொல்லை ஈரப்பதம். ஆவியாகும் தின்னர் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால் புதுச்சாயத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால், சுமார் 26 பாகையிலேயே பனி படியத் தொடங்கும். நான்கு பாகை குளிர்ந்தால் போதும், காற்றிலுள்ள நீர் சாயத்தின்மேல் படிந்துவிடும். கருப்பு லேக்கர் பால் ஊற்றியதுபோல் வெளுப்பது அப்படித்தான். ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கும் இடத்தில் 15 பாகை குளிர வேண்டும். மழை ஓய்ந்த மாலையில் அவசர வேலையை ஒப்புக்கொள்வதைவிட மறுநாள் நண்பகல்வரை வாடிக்கையாளரைக் காக்க வைப்பது மேல். முடியாவிட்டால் மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்க்க வேண்டும்.

துப்பாக்கிக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரும் நீரைச் சேர்க்கிறது. 30 பாகை, 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள அதே காற்றை எட்டில் ஒரு பங்காக நெருக்கி 100 லிட்டர் தொட்டியில் அடைத்தால் அதோடு ஏறக்குறைய 19 கிராம் நீராவியும் உள்ளே போகும். தொட்டி ஆறியபின் அதில் 3 கிராம்தான் ஆவியாகத் தங்கும், மிச்சம் தண்ணீர். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து வடிக்காவிட்டால் அது குழாய் வழியே தகட்டுக்கே வந்துசேரும். பழகுபவனுக்குத் துப்பாக்கியைத் தருமுன் இந்த அடிக்குழாயைக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

கடினமாக்கி கலக்கும் இருகூறுச் சாயத்தில் நீர் இன்னும் வம்பு. அதிலுள்ள ஐசோசயனேட் நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். படலத்தில் குமிழ்கள் எழும். அதே வேதிப்பொருள் மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பலாம். வாசனையை வைத்து அளவை ஊகிக்கவும் முடியாது. தூசி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் வேண்டும்.