ஒரே கணினியில் இரண்டு டார்க்டேபிள்: எதைப் பிரிக்கலாம், எது பிரியாது

லினக்ஸில் ரா படங்களை, அதாவது கேமரா பதிவுசெய்த பதப்படுத்தாத கோப்புகளை, திருத்துகிறவர்களுக்கு டார்க்டேபிள் நன்கு பழகிய மென்பொருள். ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள் வரும், ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. 5.0 பதிப்பு 2024 டிசம்பர் 21 அன்று வந்தது. இடைப்பட்ட மாதங்களில் நடக்கும் வேலையெல்லாம் மூலநிரல் வைக்கப்பட்டிருக்கும் கிட்ஹப் தளத்தின் மாஸ்டர் கிளையில் சேர்ந்துகொண்டே இருக்கும். பதிப்பு எண்ணைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும். முதல் புள்ளிக்கு அடுத்த எண் இரட்டைப்படையாக இருந்தால் அது நிலையான வெளியீடு, ஒற்றைப்படையாக இருந்தால் சோதனைப் பதிப்பு. 4.9 என்று காட்டியது 5.0 ஆக வளர்ந்துகொண்டிருந்த பதிப்புதான்.

புதிதாக வாங்கிய கேமராவின் ரா கோப்பு நிலையான பதிப்பில் திறக்கவில்லை என்றால் சோதனைப் பதிப்பை நாடுவதில் தவறில்லை. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். மென்பொருளைப் பிரித்து வைப்பது எளிது. தரவைப் பிரிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் மென்பொருள். டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்து வந்த நிலையான பதிப்பைத் தொடவே வேண்டாம். சோதனைப் பதிப்பின் மூலநிரலை கிட் மூலம் இறக்கி, அதோடு வரும் பில்ட் ஸ்கிரிப்டை ஓட்டும்போது ப்ரீஃபிக்ஸ் (--prefix, நிறுவும் இடம்) தெரிவில் ஆப்ட் (/opt) கோப்புறைக்குள் தனி இடம் கொடுங்கள். ரா கோப்புகளைப் படிக்கும் ராஸ்பீட் போன்ற துணைத் திட்டங்கள் சப்மாட்யூல்களாக, அதாவது தனியே புதுப்பிக்க வேண்டிய இணைப்புகளாக, வருகின்றன. கிட் புல் (புதிய மாற்றங்களை இறக்குவது) மட்டும் செய்துவிட்டு சப்மாட்யூல்களைப் புதுப்பிக்க மறந்தால் கம்பைல் பாதியில் நிற்கும், அல்லது புதிய கேமராவுக்கான ஆதரவே வந்து சேராது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழைய பில்ட் கோப்புறையையும், ஆப்டில் நிறுவிய பழையதையும் நீக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது. மூலநிரலிலிருந்து நீக்கப்பட்ட மாட்யூலின் (திருத்தக் கருவியின்) கோப்பு பிளகின் கோப்புறையில் தங்கிவிட்டால், புதிய நிரல் அதையும் ஏற்றப் பார்க்கும்.

இனி தரவு. திருத்த விவரங்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று, ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறையில் உள்ள எஸ்க்யூலைட் தரவுத்தளங்கள். லைப்ரரி தரவுத்தளத்தில் படங்களின் பட்டியலும் திருத்த வரலாறும் இருக்கும், டேட்டா தரவுத்தளத்தில் ப்ரீசெட்களும் ஸ்டைல்களும் (மறுபடி பயன்படுத்தச் சேமித்துவைத்த அமைப்புகள்) இருக்கும். மற்றொன்று, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எழுதப்படும் எக்ஸ்எம்பி கோப்பு.

தரவுத்தளம் ஒருவழிப் பாதை. புதிய பதிப்பு பழைய தரவுத்தளத்தைத் திறந்தால், அமைப்பை மேம்படுத்தலாமா, பேக்கப் எடுக்க வெளியேறுகிறீர்களா என்று கேட்கும். சம்மதித்துவிட்டால் பழைய பதிப்பு அதைத் திறக்க மறுக்கும். ஆகவே சோதனைப் பதிப்பை எப்போதும் கான்ஃபிக்டிர் (--configdir) என்ற தெரிவோடு, தனிக் கோப்புறையைக் காட்டித் திறக்க வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் காட்டும் கேச்டிர் (--cachedir) தெரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் இரு பதிப்புகளும் ஓபன்சிஎல் கெர்னல்களை (கிராபிக்ஸ் அட்டையில் ஓடும் சிறு நிரல்களை) மாறி மாறிக் கம்பைல் செய்யும், தொடங்கும்போதெல்லாம் காத்திருக்க வேண்டிவரும். தெரிவுகளைக் கையால் தட்டினால் ஒருநாள் மறந்துபோகும். இரண்டு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, அதை மட்டும் மெனுவில் வேறு பெயரில் சேர்த்துவிடுவது பாதுகாப்பு.

டிஸ்ட்ரோவைச் சாராமல் நிறுவும் ஃபிளாட்பேக் வழியில் வந்த டார்க்டேபிள் தனக்கென்று வேறு கான்ஃபிக் கோப்புறை வைத்துக்கொள்ளும். ஆப்இமேஜ் அப்படியல்ல. ஒரே கோப்பாக இருப்பதால் தனித்து நிற்பதுபோலத் தோன்றினாலும், இரட்டைச் சொடுக்கில் திறந்தால் வழக்கமான கான்ஃபிக்கையே எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்த பிறகும் எக்ஸ்எம்பி பிரியாமல் நிற்கிறது. அது படத்தோடு இருப்பதால் எந்தப் பதிப்பு திறந்தாலும் அதே கோப்புதான். ஒரு எக்ஸ்எம்பியை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு திருத்தப் படிக்கும் மாட்யூலின் பெயர், அதன் பதிப்பு எண், அதையடுத்து புரியாத எழுத்துக் கோவை ஒன்று இருக்கும். அந்தக் கோவை, ஸ்லைடர்களின் மதிப்புகள் நினைவகத்தில் இருந்த வரிசையிலேயே பைட் பைட்டாக எடுத்து வைக்கப்பட்டது, நீளமானால் சுருக்கியும் வைக்கப்படும். மாட்யூலில் புதிதாக ஒரு ஸ்லைடர் சேர்ந்தால் அந்தப் பைட்டுகளின் நீளமும் பொருளும் மாறும், பதிப்பு எண்ணும் 5-லிருந்து 6 என்று ஏறும். 5-ஐ 6 ஆக்கும் வழி புதிய நிரலில் எழுதப்பட்டிருக்கும். 6-ஐ 5 ஆக்கும் வழி எங்கும் கிடையாது. பழைய நிரல் வெளியானபோது 6 என்ற ஒன்றே இல்லையே.

அதனால் சோதனைப் பதிப்பில் திருத்திய படத்தை நிலையான பதிப்பில் திறந்தால், பதிப்பு பொருந்தவில்லை என்று ஒரு செய்தி சில விநாடிகள் தோன்றி மறையும், அந்தப் படி கைவிடப்படும். அதைக் கவனிக்காமல் வேறெதையாவது திருத்திவிட்டு வெளியே வந்தால் எக்ஸ்எம்பி மறுபடி எழுதப்படும், அந்தப் படி அதிலிருந்தும் போய்விடும். தொடங்கும்போது மாறிய எக்ஸ்எம்பிகளைத் தேடும் அமைப்பு நிலையான பதிப்பில் இயங்கினால், சோதனைப் பதிப்பு எழுதியவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். அங்கே யோசிக்காமல் எக்ஸ்எம்பியிலிருந்து ஏற்றச் சொன்னால் முதன்மைத் தரவுத்தளத்துக்குள்ளும் அவை வந்துவிடும்.

தீர்வு எளியது. சோதனைப் பதிப்பின் சேமிப்பக அமைப்பில், எக்ஸ்எம்பி எழுதுவதை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ள எக்ஸ்எம்பியை அது அப்போதும் படிக்கும், எழுதாது, அவ்வளவுதான். அதைவிட உறுதியான வழி, வெவ்வேறு கேமராக்களில் எடுத்த இருபது முப்பது படங்களைத் தனிக் கோப்புறைக்கு நகலெடுத்து அவற்றில் மட்டும் சோதிப்பது. பழகிய ப்ரீசெட்கள் வேண்டுமென்றால், டார்க்டேபிளை மூடிவிட்டு டேட்டா தரவுத்தளத்தை மட்டும் சோதனைக் கோப்புறைக்கு நகலெடுங்கள். லைப்ரரியை நகலெடுக்க வேண்டாம். அதில் படங்களின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கிறது. நகல் தரவுத்தளம்தானே என்று ஒரு படத்தை வட்டிலிருந்து நீக்கினால், போவது அசல் படம்.

சோதித்த அம்சங்கள் நிலையான வெளியீடாக வந்ததும் சோதனைக் கான்ஃபிக்கை மொத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வெளியீட்டுக்கு முன்னால் ஒரு மாட்யூலின் அமைப்பு பலமுறை மாறலாம், நடுவில் செய்த திருத்தங்கள் இறுதி வடிவத்துக்குச் சரியாக வந்துசேரும் என்று உத்தரவாதமில்லை. நிலையான பதிப்பை மேம்படுத்துவதற்கு முன் கான்ஃபிக் கோப்புறைக்கும் எக்ஸ்எம்பிகளுக்கும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். டார்க்டேபிள் தானாக எடுக்கும் ஸ்னாப்ஷாட்டில் தரவுத்தளங்கள் மட்டுமே இருக்கும், எக்ஸ்எம்பிகள் இருக்காது.