மென்டர்: வழிகாட்டியா, வழித்துணையா?

அறிவியலும் மருத்துவமும் படிக்க வரும் கறுப்பின மாணவர்களுக்கென அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் திட்டங்களைப் பார்த்தால், உதவித்தொகைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படும் சொல் 'மென்டர்'. தமிழில் எழுதுபவர்கள் யோசிக்காமல் 'வழிகாட்டி' என்று போட்டுவிடுகிறார்கள். பாதி சரி.

மென்டர், பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் ஓர் ஆளின் பெயர். டிராய் போருக்குப் போகும் ஒடிசியஸ், வீட்டை இந்த நண்பரை நம்பி விட்டுப் போகிறான். மனிதர் அப்படியொன்றும் சாதித்துவிடவில்லை. ஒடிசியஸின் மனைவியை மணக்க வந்த கூட்டம் அங்கேயே தங்கிச் சொத்தைத் தின்று தீர்க்கிறது. மகன் டெலிமாக்கசுக்குத் தைரியம் சொல்லி, அப்பாவைத் தேடிக் கப்பலேற வைப்பது மென்டரின் உருவில் வரும் அதீனா தேவி. வேலை அவளுடையது, பேர் இவருக்கு! 1699இல் பிரெஞ்சுப் பேராயர் ஃபெனலோனின் நாவலில்தான் மென்டர் அந்தப் பையனோடு ஊர் ஊராகப் போய்ப் புத்தி சொல்லும் பெரியவராக வளர்ந்தார். 18ஆம் நூற்றாண்டில் அது பொதுச்சொல்லாகிவிட்டது.

இன்றைய அமெரிக்கக் கல்லூரி வழக்கில் அட்வைசர் வேறு, மென்டர் வேறு. எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுபவர் அட்வைசர். கோடை விடுமுறையில் எந்த ஆய்வகத்தில் இடம் கேட்பது, அந்தப் பேராசிரியருக்குக் கடிதத்தை எப்படித் தொடங்குவது, மருத்துவக் கல்லூரி நேர்காணலில் எதைப் பேசக் கூடாது... இப்படி எங்கேயும் அச்சாகாத சேதிகளைச் சொல்பவர் மென்டர். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே கிடைத்துவிடும். ஆனால் அமெரிக்க மக்களில் சுமார் 13 சதவீதமாக இருக்கும் கறுப்பினத்தவர், மருத்துவர்களில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை அலசி 1910இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அன்றிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே தப்பின.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததோடு, கூடப் படிக்கவும் ஆள் இல்லை. 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதக்காரர் யூரி டிரைஸ்மன் இதைக் கவனித்தார். கால்குலஸ் என்ற நுண்கணிதப் பாடத்தில் தடுமாறிய கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்ல. மணிக்கணக்கில் படித்தார்கள், ஆனால் தனித்தனியாக. சீன மாணவர்களோ ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு குறையையும் சேர்த்துக் கவனித்தது, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988இல் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி தொடங்கிய மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம். முதல் அணியில் 19 கறுப்பின இளைஞர்கள். பிறகு பெண்களும், 1990களின் நடுவிலிருந்து எல்லா இனத்தவரும் சேர்ந்தார்கள். முதலாண்டுக்கு முந்தைய கோடையில் ஆறு வாரம் ஒன்றாகத் தங்க வைத்துப் பாடம் நடத்துவார்கள். குழுவாகத்தான் படிக்க வேண்டும். அடிப்படை அறிவியல் பாடத்தில் 'சி' கிரேடு வந்தால், பாஸ்தானே என்று விடமாட்டார்கள். மறுபடி எடுக்கச் சொல்வார்கள். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது இந்தக் கறார்தான். தட்டிக்கொடுப்பது மட்டும் மென்டரிங் இல்லை. மாடர்னா கொரோனா தடுப்பூசி ஆய்வில் முன்னின்ற கிஸ்மெகியா கார்பெட் இங்கே படித்தவர். அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரலாக இருந்த ஜெரோம் ஆடம்ஸும் அப்படியே.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'குரு' என்றால் காலில் விழ வேண்டியிருக்கும். 'நெறியாளர்' என்பதை முனைவர் பட்ட ஆய்வும் தொலைக்காட்சி விவாதமும் ஏற்கெனவே பங்குபோட்டுக்கொண்டன. பொருளில் மிக நெருங்கி வருவது சங்க கால ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, எந்த வள்ளலிடம் போகலாம், வழியில் எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதுவரை சொல்லி அனுப்புகிறான். மூன்றாம் ஆண்டு மாணவி முதலாண்டு மாணவிக்குச் செய்வது அச்சு அசலாக இதுதான். ஆனால் 'ஆற்றுப்படுத்துநர்' என்றால் இன்று உளவள ஆலோசகர் என்று ஆகிவிட்டது. மீட்பது கஷ்டம்.

என் தேர்வு 'வழித்துணை'. புதிதாகச் செய்த சொல் அல்ல. வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கே வழித்துணைநாதர் என்றுதான் பெயர். வழிகாட்டி கையை நீட்டிவிட்டு நின்றுகொள்ளலாம், வழித்துணை கூட வந்தாக வேண்டும். ஆளைக் குறிக்க வழித்துணைவர், ஏற்பாட்டைக் குறிக்க வழித்துணைத் திட்டம். ஒரே ஒரு முறை சந்தித்து ஆலோசனை சொல்பவருக்கு வழிகாட்டியே போதும். மென்டரிடம் உதவி பெறுபவரைக் குறிக்கும் 'மென்டீ' என்பதற்கு 'வழிகாட்டப்படுபவர்' என்றெல்லாம் நாக்கைச் சுழற்ற வேண்டாம், மாணவர் என்றாலே விளங்கும்.