கட்டுப்பாட்டுக் குழு எதைக் கட்டுப்படுத்துகிறது?

செய்திப் பரிந்துரை ஆய்வு ஒன்றைப் பற்றிய தமிழ்க் குறிப்பில், 'கட்டுப்பாட்டுக் குழுவினருக்குப் பழைய மடலே அனுப்பப்பட்டது' என்றொரு வரியைப் படித்த மாணவி ஒருவர், அந்தக் குழுவில் உறுப்பினராக இருப்பவர்கள் யார், அவர்களை நியமித்தவர் யார் என்று என்னிடம் கேட்டார். பிழை அவருடையது அன்று. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தையும் காவல் கட்டுப்பாட்டு அறையையும் அறிந்த எந்தத் தமிழருக்கும் 'கட்டுப்பாட்டுக் குழு' என்றவுடன் அதிகாரம் செலுத்தும் சிலர்தாம் நினைவுக்கு வருவர்.

ஆங்கிலத்தில் 'கண்ட்ரோல் குரூப்' என்பதன் மொழிபெயர்ப்பே இந்தக் 'கட்டுப்பாட்டுக் குழு'. 'கண்ட்ரோல்' என்பதன் வேர் இலத்தீனின் 'காண்ட்ரா', 'ரோட்டுலஸ்' என்னும் இரு சொற்கள்: எதிர், சுருள். கணக்குச் சுருளுக்கு இன்னொரு படி எழுதி வைத்து, இரண்டையும் ஒத்துப் பார்ப்பதே பழம்பொருள். அடக்கி ஆள்தல் என்பது பின்னர் ஏறிய பொருள். ஆய்வுக்கூடத்துக் 'கண்ட்ரோல்' அந்தப் பழம்பொருளோடுதான் நிற்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ பின்னதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மினசோட்டா பல்கலைக்கழகமும் வேறு சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்தும் 'பாப்ராக்ஸ்' என்னும் பொதுத் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கு இசைந்த வாசகர்களுக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்திகளைத் தேர்ந்து நாள்தோறும் மின்னஞ்சல் மடலாக அது அனுப்புகிறது. வாசகர்களும் செய்தியும் அனுப்பும் ஏற்பாடும் பொதுவாக இருக்க, ஆய்வாளர் தம் பரிந்துரை நிரலோடு, அதாவது எந்த வாசகருக்கு எந்தச் செய்தி என்று தேர்ந்தெடுக்கும் கணினி நிரலோடு, வந்தால் போதும். அந்நிரல் சிறந்ததா என்பதைச் சென்ற வாரத்தோடு இந்த வாரத்தை வைத்துப் பார்த்து முடிவு செய்ய இயலாது. இடையில் ஒரு தேர்தலோ புயலோ வந்துவிட்டால், நிரல் எதுவாயினும் வாசகர் கூடுதலாகவே படிப்பர். ஆகவே, அதே நாளில், அதே செய்திக் குவியலிலிருந்து, வழக்கமான முறையில் தொகுத்த மடலைப் பெறும் இன்னொரு குழு வேண்டும். அக்குழுவினர் எதையும் கட்டுப்படுத்துவதில்லை. அவர்களையும் யாரும் கட்டுப்படுத்துவதில்லை. விரும்பினால் மடலைத் திறக்காமலே விடலாம். அவர்கள் அங்கே இருப்பது ஒத்துப் பார்ப்பதற்காக மட்டுமே. எனவே அது ஒப்பீட்டுக் குழு.

'பிற காரணிகளைக் கட்டுப்படுத்துவதால் அப்பெயர் பொருந்தும்' என்று சிலர் வாதிடுவர். செய்தி உலகில் எந்தக் காரணியை யார் கட்டுப்படுத்த முடியும்? நாட்டு நடப்பு தன் போக்கில்தான் நடக்கும்; அது இரு குழுக்களையும் ஒருசேரப் பாதிக்கும்படி செய்வது ஒன்றே ஆய்வாளரால் ஆவது. இன்னொரு மறுப்பு சற்றுக் கூர்மையானது: ஒப்பிடப்படுபவை இரண்டு குழுக்கள் என்றால், ஒன்றை மட்டும் ஒப்பீட்டுக் குழு என்பது எப்படி? அச்சகத்தில் ஒப்புநோக்கும்போது கையெழுத்துப்படியும் அச்சுப்படியும் இரண்டுமே மேசைமேல் இருக்கின்றன. எனினும் எதை வைத்து எதைத் திருத்துகிறோம் என்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அப்படியும் நிறைவடையாதவர்கள் 'மாற்றம் பெறாத குழு' என்று எழுதட்டும். நீளம்தான், ஆனால் பொய்யில்லை.

இதே குறிப்பில் புதிய மடலைப் பெற்றவர்கள் 'சிகிச்சைக் குழு' ஆகியிருந்தார்கள். காலையில் செய்தி படிப்பவருக்கு என்ன நோய்? மருத்துவ ஆய்வில் பிறந்த வழக்கை இடமறியாமல் கொண்டுவந்து நட்டதன் விளைவு இது. ஆங்கிலத்தின் 'ரேண்டம்' என்பதற்காக, வாசகர்கள் 'சீரற்ற முறையில்' பிரிக்கப்பட்டார்கள் என்றும் ஒரு வரி இருந்தது. ஒழுங்கில்லாமல் பிரித்த ஆய்வின் முடிவை நான் ஏன் நம்ப வேண்டும்? 'சமவாய்ப்பு முறை' என்று நம் புள்ளியியல் பாடநூல்களிலேயே இருக்கும் தெளிவான சொல், மொழிபெயர்ப்பவரின் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும், 'சிபாரிசு' தூயதன்று என்று விலக்கிப் 'பரிந்துரை' எழுதுவதில் அவர் மிகக் கவனமாக இருந்திருக்கிறார். வேற்றுமொழிச் சொல்லாயினும் சிபாரிசு யாரையும் குழப்பியதில்லை. குழப்புபவை எழுத்தெல்லாம் தமிழாக இருக்கும் அந்த மூன்று தொடர்களே.

அவ்வரியை மாணவிக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'வாசகர்கள் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர், ஒரு குழுவினர் புதிய நிரல் தேர்ந்த மடலைப் பெற்றனர், ஒப்பீட்டுக் குழுவினருக்கு வழக்கமான மடலே சென்றது.' யார் நியமித்தார்கள் என்று அவர் மறுபடி கேட்கவில்லை.