கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த பெயர்

அந்த அப்பா வந்து உட்கார்ந்ததும் எதுவும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நோட்டிலிருந்து கிழித்த தாள். பிரித்துப் பார்த்தேன். ஒரே பெயர், ஏழெட்டு விதமான எழுத்தில், பக்கம் முழுக்க. ஒன்று சாய்வாக, ஒன்று சுழித்து, இன்னொன்று அடிக்கோடு போட்டு. கையெழுத்துப் போடப் பழகுகிறவர்கள் எழுதிப் பார்ப்பார்களே, அப்படி. அது ஒரு பெண்ணின் பெயர். எழுதியது, அவர் மகன் என்று சொல்லி வளர்த்த 12 வயதுப் பிள்ளை.

“கணக்கு நோட்டோட கடைசிப் பக்கம் மேடம். நான்தான் கிழிச்சேன். கிழிச்சேனே தவிர, தூக்கிப் போட மனசு வரல.”

குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான உளவியலாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். (இங்கே வருகிறவர்களை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தன் பாலினத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கேட்பார்கள். “இதைச் சரி பண்ணிடுங்க” என்பார்கள். அல்லது “என்னன்னு ஒரு முடிவைச் சொல்லிடுங்க, நாங்க ஏத்துக்கறோம்” என்பார்கள். இரண்டாவது கேள்வியில் அன்பு அதிகம். ஆனால் அவசரம் இரண்டிலும் ஒன்றுதான். பிள்ளைக்கோ அந்த நேரத்தில் முடிவு தேவைப்படுவதில்லை. மனதில் ஓடுவதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லலாமா, கூடாதா என்பதுதான் அதற்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

முதலில் வார்த்தைகளைக் கொஞ்சம் பிரித்து வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்ததும் உடலைப் பார்த்து எழுதுவது பால். உள்ளுக்குள் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ, இரண்டிலும் சேராதவராகவோ உணர்வது பாலின அடையாளம். யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது பாலீர்ப்பு. அது தனி விஷயம். உடல் கூறுகளிலேயே வேறுபாட்டோடு பிறக்கும் இடைப்பாலினர் வேறு. இவையெல்லாம் ஒன்றாகக் குழம்புவதால்தான், “எட்டு வயசுல இதெல்லாம் எப்படித் தெரியும், யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க” என்ற பேச்சு வருகிறது. பெற்றோர் மனதில் காதலும் ஈர்ப்பும் ஓடுகின்றன. பிள்ளை பேசுவது அதைப் பற்றியே இல்லை. இரண்டு, மூன்று வயதிலேயே குழந்தைகள் தங்களைப் பையன் என்றோ பெண் என்றோ சொல்லத் தொடங்குகிறார்கள். ஆறு, ஏழு வயதுக்குள் உடையையோ முடியையோ மாற்றினால் அது மாறிவிடாது என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த வயதில் ஒரு குழந்தைக்குத் தன் இடம் பொருந்தவில்லை என்று தோன்றினால், அது தோன்றக்கூடிய வயதுதான்.

அதற்காக, பொம்மையோடு விளையாடும் பையனையும் முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளும் பெண்ணையும் பார்த்துப் பதற வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது: விளையாட்டையும் உடையையும் விருப்பங்களையும் மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. சிறு குழந்தைகள் விஷயத்தில், பிறப்பில் எழுதிய பால் தனக்குப் பொருந்தவில்லை என்ற உணர்வு ஏறத்தாழ 2 ஆண்டுகளாவது தொடர்ந்து, அழுத்தமாக இருக்க வேண்டும். பாலின இசைவின்மை என்று அழைக்கப்படும் இந்தப் பொருந்தாமையை இதே பதிப்பில்தான் மனநோய்களின் பட்டியலிலிருந்து எடுத்து, பாலியல் நலம் சார்ந்த வேறொரு பிரிவில் வைத்தார்கள். 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. “என் பிள்ளைக்கு மனநோயா?” என்று கேட்கும் ஒவ்வொரு தாய்க்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நோய் இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. அந்த வலி பெரும்பாலும் பாலினம் என்ற பெயரோடு வருவதில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் குளிப்பது, குடும்பப் படம் எடுக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வது, வேர்த்து ஊற்றினாலும் தடித்த மேல்சட்டையைக் கழற்றாமல் கூன் போட்டு நடப்பது என்று வருகிறது. பள்ளியில் எந்தக் கழிப்பறைக்குள் போவதென்று தெரியாமல், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். சிறுநீர்த் தொற்று இரண்டாவது முறை வந்த பிறகுதான் வீட்டில் ஏன் என்று கேட்டார்கள். அதுவரை “தண்ணி குடி, தண்ணி குடி” என்று திட்டுதான் விழுந்துகொண்டிருந்தது.

சரி, பிள்ளை வாயைத் திறந்து சொல்லிவிட்டது. அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

முகத்தைக் கொஞ்சம் நிதானப்படுத்திக்கொள்ளுங்கள். பல பிள்ளைகள் பேசும்போது உங்கள் வாயைப் பார்ப்பதில்லை, புருவத்தைத்தான் பார்க்கிறார்கள். “என்கிட்ட சொன்னியே, அது போதும். எனக்கு முழுசாப் புரியல. நீ சொல்லு, நான் கேக்கறேன்.” இவ்வளவுதான். புரியவில்லை என்று சொல்வது தப்பே இல்லை. புரிந்துவிட்டதுபோல நடிப்பதைவிட அது நூறு மடங்கு மேல். சொல்லக் கூடாதவையும் இருக்கின்றன. “எவன் சொல்லிக் கொடுத்தான்?” “வெளிய தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்.” இந்த இரண்டாவதைக் கேட்ட பிள்ளை அதற்கப்புறம் எதையும் சொல்லாது, சொன்னால் அம்மா செத்துவிடுவாள் என்று நம்பிவிடும்.

ஏற்கெனவே கத்தியிருந்தால்? அடித்தே இருந்தால்? திரும்பிப் போய்ப் பேசுங்கள். “அன்னிக்கு நான் பயந்துட்டேன். உன்மேல கோபமில்ல. அப்படிப் பேசினது என் தப்பு.” பெற்றவர்கள் மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகள் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

நம் மொழி இந்த விஷயத்தில் நமக்குச் செய்திருக்கும் உதவியைப் பலரும் கவனிப்பதில்லை. ‘நான்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ‘வந்தேன்’, ‘போனேன்’ என்று பிள்ளை தன்னைப் பற்றிப் பேசும்போது பாலினம் வருவதே இல்லை. ‘நீ வந்தாயா’ என்பதிலும் இல்லை. ‘கண்ணு’, ‘தங்கம்’, ‘செல்லம்’ எதிலும் இல்லை. ‘பிள்ளை’ என்ற சொல்லே பொதுதான். சிக்கல் இரண்டு இடத்தில்தான்: அவன், அவள் என்று மூன்றாம் மனிதரிடம் பேசும்போது, அப்புறம் ‘டா’, ‘டி’ போடும்போது. மகளை ‘வாடா’ என்று கொஞ்சுகிற வீடுகள் எத்தனையோ! ஆனால் சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு எழுத்து முள்ளாகக் குத்தும். ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது: “அம்மா என்னை எதுவும் கூப்பிட வேண்டாம். அந்த ‘டி’ மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க.” அம்மா அன்றிலிருந்து ‘கண்ணு’ என்று மாற்றிக்கொண்டார். எந்த முடிவும் எடுக்கவில்லை, யாருக்கும் அறிவிக்கவில்லை, ஒரு விகுதியை மட்டும் விட்டுவிட்டார். அந்த வாரம் பிள்ளை சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தது.

பெயரின் விஷயமும் இப்படித்தான். திருநர், அதாவது பிறப்பில் எழுதிய பாலிலிருந்து வேறுபட்ட பாலின அடையாளம் கொண்டவர்கள். திருநர் இளைஞர்களைப் பற்றி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் தேர்ந்தெடுத்த பெயர் வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என எத்தனை இடங்களில் புழங்குகிறதோ அவ்வளவுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் குறைவாக இருந்தன. இடம் ஒன்று கூடும்போது தற்கொலை எண்ணத்தில் 29 சதவீதக் குறைவு. சிறிய ஆய்வுதான், பெயர் மட்டுமே காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என் அறையில் தினமும் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

“இது கடந்துபோயிடுமா?” இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பழைய ஆய்வுகள் சிலவற்றில், சிறு வயதில் இப்படி வந்த குழந்தைகளில் பலர் பிறகு திருநர்களாக வளரவில்லை. ஆனால் அவற்றில், விளையாட்டிலும் உடையிலும் மட்டும் வேறுபட்டிருந்த குழந்தைகளையும் சேர்த்திருந்தார்கள். மாறாக, 2022இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பெயரையும் உடையையும் மாற்றி வாழத் தொடங்கிவிட்ட 317 பிள்ளைகளைச் சராசரியாக 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தது. 94 சதவீதம் பேர் அதே அடையாளத்தில் இருந்தார்கள். இரண்டும் வேறு வேறு குழந்தைகளைப் பற்றியவை. உங்கள் பிள்ளை எந்தக் கணக்கில் வரும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 14 வயதில், தான் பெண் இல்லை என்று சொல்லி என்னிடம் வந்த ஒரு பிள்ளை, ஒன்றரை வருடம் கழித்து, “நான் பெண்தான்னு இப்பத் தோணுது” என்று சொன்னது. அடுத்து அது சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். “வீட்ல சண்டை போட்டிருந்தாங்கன்னா நான் மாத்திச் சொல்லியிருக்கவே மாட்டேன்.” எதிர்த்து நிற்கும் பெற்றோரின் பிள்ளை வழக்கறிஞராகிவிடுகிறது. தன் பக்கத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடுவதிலேயே தெம்பெல்லாம் போய்விடும், யோசிக்க ஏது நேரம்? மறுபக்கம், ஒரே மாதத்தில் ஊரறியச் சொல்லிவிட்ட அன்பான பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் திரும்பிப் பார்க்க வழி அடைபட்டுப் போகிறது. யாரிடம், எப்போது சொல்வது என்பதைப் பிள்ளையிடம் கேட்காமல் செய்யாதீர்கள். தாத்தா பாட்டியிடம்கூட.

மருத்துவத்தைப் பற்றி நிறைய பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பருவமடையாத குழந்தைக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ எந்த அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டுதலிலும் கிடையாது. அந்த வயதில் தேவைப்படுவது கேட்கும் காதும் பொறுமையும்தான். பருவமடையத் தொடங்கியபின் அதைத் தள்ளிப்போடும் மருந்துகள் பற்றி உலகளவில் கருத்து ஒன்றாக இல்லை. 2022இல் திருநர் நலத்துக்கான உலக நிபுணர் அமைப்பு, கவனமான மதிப்பீட்டுக்குப் பிறகு அவற்றுக்கு இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் 2024இல் வெளியான ஆய்வறிக்கை, ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்றது. அங்கே பொது மருத்துவச் சேவை அவற்றை வழக்கமாகத் தருவதை நிறுத்தியது. எலும்பு வலு போன்ற கேள்விகளும் இருக்கின்றன. அதனால் இதை இணையத்தில் படித்து முடிவெடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான மனநல மருத்துவரும் நாளமில்லாச் சுரப்பி நிபுணரும் சேர்ந்து, அவசரப்படாமல், பிள்ளையோடும் உங்களோடும் பேச வேண்டிய விஷயம் அது. நல்ல நிபுணர் பாலினத்தோடு மட்டும் நிற்க மாட்டார். மனச்சோர்வு இருக்கிறதா, பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்றும் பார்ப்பார். ஆட்டிசம் இருக்கிறதா என்பதையும் கவனிப்பார். திருநர்களிடையே ஆட்டிசம் 3 முதல் 6 மடங்கு அதிகம் என்று 2020இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆட்டிசம் இருப்பதால் பிள்ளை சொல்வது பொய்யாகிவிடாது. பேசும் விதத்தைத்தான் அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

“நான் மாத்திக் காட்டறேன்” என்று உத்தரவாதம் தருகிறவர் யாராக இருந்தாலும், பட்டம் வைத்திருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். பாலின அடையாளத்தை மாற்றும் சிகிச்சை என்று ஒன்று இல்லை. அந்தப் பெயரில் நடப்பவை சேதத்தைத்தான் விட்டுச் செல்கின்றன. அதிலிருந்து மீண்டு வந்தவர்களோடு நான் வேலை செய்கிறேன். பல வருடம் கழித்தும் அவர்களை வாட்டுவது அங்கே நடந்தது மட்டுமல்ல. “அப்பாதான் என்னை அங்க கூட்டிட்டுப் போனார்” என்பதும்தான்.

ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தழும்பு தெரிந்தாலோ, தனக்குப் பிடித்த பொருள்களை எடுத்துக் கொடுத்துவிட்டாலோ, “நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்” என்றாலோ, நேரடியாகவே கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அதுவரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் கூரான பொருள்களையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பாலினத்தைப் பற்றிய பேச்சு ஒரு மாதம் காத்திருக்கலாம். இது ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது.

உங்களுக்கும் வலிக்கும். ஒரு அம்மா கைபேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே, “இதெல்லாம் யாரு மேடம், அப்ப?” என்று கேட்டு அழுதார். அது நியாயமான துக்கம். வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதைத் துணையிடம், நம்பிக்கையான நண்பரிடம், என்னைப் போன்ற ஒருவரிடம் இறக்கி வையுங்கள். பெற்றவர்களை ஆறுதல்படுத்தும் வேலையையும் அந்தப் பிள்ளை சுமக்க வேண்டாம்.

அந்த அப்பாவிடம் அன்று நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளையிடமே கொடுக்கச் சொன்னேன். எடுத்ததற்கு வருத்தம் சொல்லச் சொன்னேன், வேறு எதுவும் கேட்க வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் வந்து நடந்ததைச் சொன்னார். தாளை நீட்டி, “உன் நோட்டைக் கிழிச்சது தப்பு” என்றிருக்கிறார். பிள்ளை வாங்கிக்கொண்டு, “படிச்சீங்களா?” என்று கேட்டிருக்கிறது. “படிச்சேன். எனக்கு ஒண்ணும் புரியல. உனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு.” பிள்ளை, “இப்ப வேண்டாம்” என்றிருக்கிறது. இவர் “சரி” என்று எழுந்து வந்துவிட்டார்.

பதினெட்டு நாள் கழித்து, பள்ளிக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, “அப்பா, அந்தப் பேரு இருக்குல்ல…” என்று குரல் வந்திருக்கிறது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டிருக்கிறார். அன்று பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனார்களாம்.