இரண்டு முறை எடுக்கப்பட்ட 'ஓக்லஹாமா!'

ஆளை மறைக்கும் மக்காச்சோளப் பயிருக்குள் புகுந்து கேமரா போகிறது. அந்தப் பக்கம் திறந்த புல்வெளி. குதிரைமேல் பாடிக்கொண்டே வருகிறார் கோர்டன் மெக்ரே. 1955இல் வெளிவந்த 'ஓக்லஹாமா!' இசைப்படத்தின் தொடக்கம் இது. கதை நடப்பது 1906 வாக்கில், ஓக்லஹாமா தனி மாநிலமாவதற்குச் சற்று முன். படம்பிடித்ததோ அரிசோனாவில்.

இயக்குநர் ஃபிரெட் ஜின்னமன் இந்தப் படத்தை இரண்டு விதமாக எடுத்தார். 65 மி.மீ. பிலிமில் வினாடிக்கு 30 பிரேம், 35 மி.மீ. சினிமாஸ்கோப்பில் 24 பிரேம். ஏன் இந்த இரட்டை வேலை? காரணம் நம் கடைக்கண்ணில் இருக்கிறது.

புரொஜெக்டரில் பிலிம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒவ்வொரு பிரேமாக நின்று நின்று நகர்கிறது. நகரும் நேரத்தில் ஷட்டர் ஒளியை மறைக்கும். வினாடிக்கு 24 முறை மட்டும் மறைத்தால் படம் கண்ணைப் படுத்திவிடும். அதனால் பிரேம் அசையாமல் நிற்கும்போதும் ஷட்டர் ஒருமுறை குறுக்கே வரும். 24 பிரேம் 48 மினுக்குகளாகும். சிறிய, மங்கலான திரைக்கு அது போதும்.

ஆனால் வெளிச்சம் கூடக்கூட, படம் பெரிதாகப் பெரிதாக, மினுமினுப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். விழித்திரையின் நடுப்பகுதியைவிட ஓரப்பகுதி இதில் கூர்மையானது. சோக் வைத்த பழைய டியூப்லைட்டை நேராகப் பாருங்கள், அமைதியாக எரியும். பார்வையை வேறு பக்கம் திருப்பினால், அதன் முனை துடிப்பது கடைக்கண்ணில் படும்.

தயாரிப்பாளர் மைக் டாட், அமெரிக்கன் ஆப்டிக்கல் நிறுவனத்தின் பிரையன் ஓ'பிரையன் குழுவோடு சேர்ந்து உருவாக்கிய 'டாட்-ஏ.ஓ.' முறையில் திரை அகன்று வளைந்து, ரசிகரின் கடைக்கண் வரை நிறைந்து நின்றது. அதற்கு 48 மினுக்கு போதாது. 30 பிரேம் வைத்தால் 60 கிடைக்கும். ஓட்டமும் வழுக்கிக்கொண்டு போவதுபோல் சீராகும்; ஆட்டத்தில் கால் வீசும் வேகத்தை மங்காமல் பிடிக்க இது பெரிய வரம்.

திரையிடும் பிரதி 70 மி.மீ. அகலம். கூடுதல் 5 மி.மீ. ஒலிக்கான இடம்: காந்தப் பூச்சில் ஆறு தடங்கள், ஐந்து திரைக்குப் பின்னால், ஒன்று அரங்கைச் சுற்றி. பிலிம் வினாடிக்குச் சுமார் 28 அங்குலம் ஓடியதால் (35 மி.மீ.யில் 18 அங்குலம்) ஒலியின் நுட்பமும் கூடியது. ஒலிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்ததில் வியப்பில்லை.

சிக்கல் வேறிடத்தில். 1955 அக்டோபரில் நியூயார்க் ரிவோலி அரங்கில் படம் வெளியானபோது, இந்தக் கருவிகள் உள்ள அரங்குகள் மிகச் சில. மற்ற ஊர்களுக்கு 35 மி.மீ. பிரதி வேண்டும். 30 பிரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் நாலு நிமிடப் பாட்டு ஐந்து நிமிடமாக இழுபடும். குரலின் சுருதி இறங்கிவிடும். குதித்தவர் காற்றில் மிதப்பார். ஐந்துக்கு ஒரு பிரேம் என்று வெட்டி எறிந்தால் நடனம் தத்தித் தத்திப் போகும். சண்டைப் படமாக இருந்தால் எப்படியோ ஒப்பேற்றியிருக்கலாம். தாளத்தோடு கால் பொருந்த வேண்டிய இசைப்படத்தில் முடியவே முடியாது. அதனால்தான் இரண்டாவது கேமரா, மறுபடி நடிப்பு. இன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதே வசனத்தில் முகபாவம் மாறியிருப்பது தெரியும்.

செலவு தாங்கவில்லை. 1958இல் வந்த 'சவுத் பசிபிக்' முதல் டாட்-ஏ.ஓ.வும் 24 பிரேமுக்கு இறங்கியது. ஆனால் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் இன்றைய திரையில் 30 பிரேம் அழகாக உட்காருகிறது: ஒவ்வொன்றும் சரியாக இரண்டு முறை. 24 பிரேம் படம்தான் அங்கே ஒன்றை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை காட்டிச் சமாளிக்கிறது.