பார் இருக்கும் இடம்

மீன் கிடக்கும் பாரை, அதாவது கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை, வெளியாளிடம் யாரும் எளிதில் சொல்லிவிடமாட்டார்கள். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்பார்த்து இடம் குறித்த காலத்திலும் சரி, ஜிபிஎஸ் கருவியில் புள்ளி போட்டு வைக்கும் இன்றைக்கும் சரி, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அது குடும்பச் சொத்து மாதிரி. ஆனால் சட்டைப்பையில் கிடக்கும் போன் அந்தப் புள்ளியை யாருக்கோ சொல்லிவிடலாம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து நம் இடத்தைக் கணக்குப் போடுவது போன். வானொலியில் பாட்டுக் கேட்பவர் யாரென்று நிலையத்துக்குத் தெரியாதல்லவா, அதுபோலத்தான் இதுவும். போட்ட கணக்கின் விடையை வெளியே கொண்டுபோவது, நாம் அனுமதி கொடுத்த செயலி. நடுக்கடலில் டவர் இல்லையே என்று இருந்துவிட முடியாது. புள்ளிகளைச் சேர்த்து வைத்திருந்து, கரை நெருங்கியதும் மொத்தமாக அனுப்பச் செயலியால் முடியும்.

'பெயரைச் சேர்க்காமல்தான் எடுக்கிறோம்' என்பார்கள் செயலிக்காரர்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் கைபேசித் தடங்களைப் பார்த்தார்கள். எந்த நேரத்தில் எங்கே என்ற நான்கே நான்கு புள்ளிகள், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துக்காட்டப் போதுமானதாக இருந்தது. இரவு தங்கும் வீடு, விடியுமுன் படகுத்துறை, அப்புறம் ஏலக்கூடம். பெயர் எதற்கு?

எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கடலில் இருப்பிட வசதியையே அணைத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அது உயிர் காக்கும். செயலிகளுக்குக் கொடுத்த அனுமதியை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'எப்போதும்' என்றிருந்தால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றலாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டு 12இல் 'தோராயமான இடம்' என்றும் ஒன்று வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்பது மட்டுமே செயலிக்குத் தெரியும். வானிலை பார்க்க அது தாராளம். டார்ச் செயலிக்கு அதுவும் வேண்டாம்.

கடைசியாக, படம். பெரிய மீனைத் தூக்கிப் பிடித்து எடுக்கிற படத்துக்குள், கேமராவில் இருப்பிடக் குறி இயங்கினால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுத்தாகவே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். கோப்பாக அனுப்பினால் படத்தோடு பாரும் போய்விடும்.